வாயைத் தயார் செய்த காஜா நவாஸ்

மண்டபம் காஜா நவாஸ் தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டுகிறவன். அவன் இங்கிலீஷைக் கேட்டால் இங்கிலீஷே பயந்து பாம்பன் பாலத்தைத் தாண்டி ஓடிவிடும். அலையில்லாத பெண்கடலையும் அலையடிக்கும் ஆண்கடலையும் காட்டி, "திஸ் லேடீஸ் சீ, நோ சவுண்டு. தட் ஜென்ஸ் சீ, ஃபுல் சண்டை!" என்பான். அதைக் கேட்டுச் சிரிக்கவே வெள்ளைக்காரர்கள் வேனை விட்டு இறங்க மாட்டார்கள்.

துபாய் ஓட்டல் ஒன்றில் டிரைவர் வேலை வந்தது. நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு அடுத்த மாதம் நாற்பது. செல்போனில் முகம் பார்த்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார்களாம். பயந்துபோய் ராமநாதபுரத்தில் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தான்.

டீச்சர் அமுதவள்ளி ஆளுக்கொரு முகம் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார். நமக்கு ஒரே 'வ'. இங்கிலீஷ்காரர்களுக்கு இரண்டு 'வ'வாம். பனியனும் 'வெஸ்ட்', மேற்கும் 'வெஸ்ட்'; பனியனைச் சொல்ல உதட்டைக் கடிக்கணும், மேற்கைச் சொல்ல உதட்டைக் குவிக்கணும். கப்பலை, அதாவது 'ஷிப்'பை, 'ஷீப்' என்று இழுத்துச் சொன்னால் செம்மறியாடு ஆகிவிடும். "முதல்ல வாயை வைங்க, சரியான்னு பாருங்க, அப்புறம் பேசுங்க" என்பதுதான் பாடம்.

கண்ணாடியை வேனில் ஒட்டினான். சோற்றுத் தட்டு முன்னாலும் கடித்தான், குவித்தான்.

"மச்சான், தட்டுல கெடக்குற மீனு உங்களப் பாத்துச் சிரிக்குது" என்றாள் அவன் பெண்டாட்டி அம்ரீன்.

அந்த நாளும் வந்தது. அவன் கூட்டாளி வேல்சாமி நான், செல்போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். எங்கே வேலை பார்க்கிறாய் என்று துபாய்க்காரர் கேட்டார். நவாஸ் உதட்டைக் குவித்தான். சந்தேகம் வந்து கடித்தான். மறுபடி குவித்தான். அப்படியே நின்றுவிட்டான். கோயில் தூண்கூட அவனைவிட அசையும்.

"ஏலே, பேசுலே!" என்று தொடையைக் கிள்ளினேன்.

"ஹலோ... ஹலோ..." என்றார்கள் துபாயில். படம் நின்றுபோய்விட்டது என்று நினைத்து வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடியும் தூண். லைன் சரியில்லை என்று அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் தனுஷ்கோடிக் கடைசியில், அரிச்சல்முனையில், ஒரு வெள்ளைக்காரம்மா கடலைக் காட்டி எது எந்தக் கடல் என்று கேட்டார். நவாஸ் கண்ணாடியைப் பார்த்தான். இடது பக்கம் கையைக் காட்டினான், வலது பக்கம் காட்டினான். அவ்வளவுதான். அந்தம்மா, பாவம் ஊமை என்று நினைத்து அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"ஏலே மாப்ளே, லேடீஸ் சீ எங்கலே போச்சு?" என்று கூட வந்திருந்த நான் கேட்டேன்.

"தப்பாயிரும்டா வேல்சாமி."

தமிழில்தான் சொன்னான். அதற்கும் முன்னால் ஒரு தடவை உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.