திருகு இறுகிப்போச்சு என்று சொன்னேன்

ஐரோப்பாவில் பெரிய சண்டை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு, சிங்கப்பூரில் ஒரு துணிக்கடை முதலாளிக்கு மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். வீடு சிராங்கூன் சாலையில் நாலாங் கட்டை, அதாவது நாலாவது மைல். அதற்கு முந்தின வருஷம்வரை அவர் வீட்டுக் குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டவன்தான் நான். என் திமிருக்குக் காரணமே அதுதான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேல்மூடி இல்லாத வண்டி அது. முன்னால் பித்தளைச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் திருகைத் தளர்த்தினால் மடங்கிக்கொள்ளும், தூக்கி முடுக்கினால் காற்றை மறைக்கும். நான் அதை எப்போதும் மடக்கியே வைத்திருந்தேன். தூக்கிவிட்டால் புழுதி படிந்துபோகும், என் முகம் வெளியே தெரியாதே! தேக்காச் சந்தை வழியாகப் போகும்போது வெற்றிலைக்கடைப் பக்கம் நிற்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். போன வருஷம் என்னை ‘டேய் குதிரைக்காரா’ என்று கூப்பிட்ட ஆட்கள். அவர்கள் கண்ணில் படவேண்டும் என்றே அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுவேன்.

முதலாளியின் மகளுக்கு அப்போது ஆறு வயது. காலையில் அவளைக் கம்போங் கிளாமில் குர்ஆன் ஓதுகிற இடத்தில் இறக்கிவிட்டு, முதலாளியைக் கடைக்குக் கொண்டுபோவேன். முதலாளி பின்னால் இருப்பார். அவள் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள், ஹாரனை அமுக்குவதற்காக.

ஒரு வாரம் அவளுக்குச் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். முதலாளி புறப்படும்போதே சொன்னார், “அந்தக் கண்ணாடியத் தூக்கி விடேம்ப்பா, புள்ள மேல காத்து அடிக்குதுல்ல.”

“திருகு இறுகிப்போச்சு முதலாளி, ஆள் வந்து பாக்கணும்” என்றேன். வாய் கூசாமல் வந்தது. அன்று காலையில்தான் அந்தத் திருகுக்கு எண்ணெய் போட்டிருந்தேன்.

மறுநாள் தேக்கா தாண்டும்போது, “மாமா, காது வலிக்குது” என்று அழ ஆரம்பித்தாள். இயந்திரச் சத்தத்தில் பின்னால் எதுவும் கேட்காது. எனக்கு எரிச்சல். “எனக்குந்தான் வலிக்குது. நான் அழுவுறேனா? அழுதா நாளைக்கு வாப்பாகிட்ட பின்னாலதான் உக்காரணும், ஹாரன் கிடையாது” என்றேன். உடனே அடங்கிவிட்டாள். உள்ளங்கையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாலு நாளும் அந்தக் கையை எடுக்காமலே வந்தாள். அழவில்லை. ஹாரனையும் மறந்துவிட்டாள். நான் வண்டியை ஓட்டிய ஓட்டத்தில் அதையெல்லாம் யார் கவனித்தது?

ஐந்தாம் நாள் காலை தலையணையில் சீழ். முதலாளி அவளைத் தூக்கிக்கொண்டு வர, குதிரைப் பந்தயத் திடல் பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரிடம் ஓட்டினேன்.

டாக்டர் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, “காதுக்குள்ள எண்ணெய் விட்டனீங்களே?” என்று கேட்டார்.

“புள்ள காதப் பொத்திக்கிட்டே இருக்கான்னு அவ உம்மாதான் நேத்து ராத்திரி காய்ச்சி ஊத்துனா. அப்பவே வேணாம்னேன், கேட்டாளா அவ!” என்று முதலாளி கொதித்தார். வீட்டில் அந்த அம்மாவுக்கு இன்று நல்ல பூசை விழும் என்று எனக்குத் தெரிந்தது. கதவோரம் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

“சீழ் வடியிற காதுக்கு எண்ணெய் ஆகாது. ஆனா இந்த நோவு எண்ணெயால வரேல்ல. சளி உள்ளுக்க இறங்கினது. மோட்டாரில கூட்டிக்கொண்டு போறனீங்களோ? குளிர் காத்து நேரா அடிச்சால் நோவு இரட்டிப்பாகும். வெளியில துணியால சூட்டு ஒத்தடம் குடுங்கோ, காதை மூடிக் கட்டுங்கோ, வண்டியை மெல்ல விடச் சொல்லுங்கோ” என்றார் டாக்டர்.

மருந்து வைத்து முடித்ததும் அந்தப் பிள்ளை என்னைக் கைகாட்டி, “மாமாவுக்கும் போடுங்க. அவங்களுக்கும் வலிக்குது. அழாம இருக்காங்க” என்றது.

டாக்டர் சிரித்துக்கொண்டு, “இஞ்ச வாரும்” என்று என்னை உட்காரவைத்து இரண்டு காதையும் பார்த்தார். “நல்லாத்தானே கிடக்கு. எந்தப் பக்கம் நோகுது?”

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள், பாவம், நான் பதில் சொன்னால் மருந்து கிடைக்குமே என்று. “எனக்கு எங்கயும் வலிக்கல. திருகும் கெட்டுப்போகல. நான்தான் பொய் சொன்னேன்” என்றேன். எதற்காக மடக்கி வைத்தேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

முதலாளி பெரிய மனதோடு மன்னித்தார் என்று எழுத ஆசைதான். இல்லை. வாசலில் வைத்து, தெருவே நின்று பார்க்கத் திட்டினார். குதிரை லாயத்துக்கே போய்த் தொலை என்றார். தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன். அதுகூடத் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவர் தோளில் கிடந்த பிள்ளை, நாங்கள் பேசியது ஒன்றும் விளங்காமல், அவர் வாயைத் தன் கையால் பொத்தியது.

“மாமாவத் திட்டாதீங்க வாப்பா. சத்தம் போட்டா அவங்களுக்குக் காது வலிக்கும்.”

முதலாளி அதோடு நிறுத்திக்கொண்டார். வேலையும் போகவில்லை. அவள் காதில் சீழ் நிற்க ஒரு மாதம் ஆனது. சளியால் வந்த நோவு, காற்றால் அல்ல என்று டாக்டரே சொன்னாரே என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னதுண்டு. அந்த நாலு நாள் வலியை அவள் ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு இதுநாள்வரை காது வலி வந்ததே இல்லை. ஆனால் வராத வலிக்கு அவள் மருந்து கேட்டதை நினைத்தால், இந்த வயதிலும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.