கைநூலில் இல்லாத தமிழ்

பேராதனையில் நான் வேலை பார்த்த சிறுவர் உளவியல் பிரிவில் சாம்பல் நிற இரும்பு அலுமாரி ஒன்று இருந்தது. சோதனைப் பெட்டிகளும் அவற்றின் கைநூல்களும் அதற்குள்ளேதான். சாவி எங்கள் பொறுப்பதிகாரியான மிஸ்ஸின் கைப்பையில் இருக்கும். கேள்விகள் வெளியே போனால் ரியூசன் வகுப்புகளில் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிவிடுவார்கள், பிறகு சோதனையால் யாருக்கும் பயனில்லை என்பார். அது நியாயம்தான். மிஸ் சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான் தெரியும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிவுறுத்தல்களைச் சொல்வது, யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்த என் பொறுப்பு.

புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை மாஸ்டர் ஒருவர், அதிகம் பேசாத எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எங்களிடம் அனுப்பியிருந்தார். கற்கும் ஆற்றல் மிகக் குறைவு என்று எங்கள் அறிக்கை போயிற்று. இனிப் படித்து என்ன ஆகப்போகிறது, தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கட்டும் என்று தாய் முடிவு செய்துவிட்டாராம். மாஸ்டர் பஸ் ஏறி வந்துவிட்டார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

"அவ வகுப்புல ஒழுங்கா கணக்குப் போடுறா மிஸ். இங்க என்ன கேட்டீங்கன்னு நான் பாக்கணும்."

"பயிற்சி எடுத்த ஆக்கள் மட்டும்தான் பார்க்கலாம், மாஸ்டர். தர ஏலாது" என்று மிஸ் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

அடுத்த வாரமும் வந்தார், அதே பதில். மூன்றாம் முறை, "எடுத்துட்டுப் போக மாட்டேன். எழுதிக்கவும் மாட்டேன். ஒங்க முன்னாடியே உக்காந்து பாக்குறேன்" என்றார். மிஸ் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். பிறகு, எதையும் வெளியே சொல்வதில்லை என்று எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு அலுமாரியைத் திறந்தார். விடைகள் இருந்த பகுதியை ஒரு கோப்பால் மறைத்து, அறிவுறுத்தல் பக்கத்தை மட்டும் காட்டினார்.

மாஸ்டர் பொறுமையாக வாசித்தார். "இதுல இங்கிலீசுதானே இருக்கு?" என்று என் பக்கம் திரும்பினார். "நீங்க அவகிட்ட எப்படிச் சொன்னீங்களோ, அதே மாதிரி சொல்லுங்க."

நான் சோதனைப் பெட்டியிலிருந்த மரக் கட்டைகளை மேசையில் பரப்பி, வழக்கம்போலச் சொன்னேன். "பிள்ளை, உதைப் பாரும். இப்ப உதைக் கெதியா எடும்."

அவர் முகம் மாறியது. "எங்க பக்கம் உதைன்னா அடி, டீச்சர். கெதியான்னா அவளுக்கு என்னன்னே தெரியாது."

எங்கள் ஊரில் உதை என்றால் 'அதை', கெதியா என்றால் 'சீக்கிரம்'. சோதனையின்போது அந்தச் சிறுமி கையை மடிக்குள் இழுத்துக்கொண்டது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒத்துழைக்கவில்லை என்று நானே குறித்திருந்தேன்.

மிஸ் அறிக்கையை ரத்துச் செய்தார். இரண்டு வாரம் கழித்து வேறொரு சோதனை வைத்தோம். மாஸ்டர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். அவள் வயதுப் பிள்ளைகள் செய்வதைவிட ஒன்றும் குறையவில்லை. தாய் மறுபடி பள்ளிக்கு அனுப்பினார்.

அந்த இரண்டாம் சோதனை முடிந்த அன்று பஸ் தரிப்பிடம் வரை கூடப் போய் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க வேணும்னு செய்யலையே" என்றார். பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவர் திரும்பி, "மத்தப் பிள்ளைங்க?" என்று கேட்டார்.

திரும்பிப் போய் மிஸ்ஸிடம் பதிவேட்டைக் கேட்டேன். நான் சொல்லிச் சோதித்த மலையகப் பிள்ளைகள் இன்னும் பதினொரு பேர். எல்லோருக்கும் கடிதம் போட்டோம். ஏழு பேர் வந்தார்கள். நான்கு கடிதங்கள், ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. நான் வேலையை விட்டுப் பல வருடங்களாயிற்று. இப்போதும் பஸ்ஸில் யாராவது அந்த நான்கு பேரின் தோட்டங்களில் ஒன்றின் பெயரைச் சொன்னால், அவர்கள் பக்கம் திரும்பி, அங்கிருந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி விசாரிக்கிறேன்.