எனக்கும் பயமாயிருக்கு

ஒரு வயதான அம்மா பயம் வந்தால் என்னை விட்டு வேறொருத்தனைப் பிடித்துக்கொள்கிறார் என்று பொறாமைப்பட்ட முட்டாள் நான். அதுவும் ஐம்பத்தாறு வயதில். மனைவிக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள் என்றில்லை, உடனே நம்பிவிடுவாள்.

டென்மார்க்கின் சில்க்போர்க்கில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக ஒரு பணியாள் உண்டு. அந்த அம்மாவுக்கு இரண்டு வருடமாக நான். பிலிப்பைன்சின் செபுத் தீவிலிருந்து டெனிஸ்காரர் ஒருவரைக் கலியாணம் முடித்து வந்தவர். மறதி நோய் டெனிஸ் மொழியை முழுதாகத் தின்றுவிட்டு, பிறந்த மொழியான செபுவானோவை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

கட்டிலிலிருந்து ஆள்தூக்கும் லிஃப்ட் இயந்திரத்தில் தூக்கும்போதுதான் வில்லங்கம். துணித்தொட்டிலில் அந்தரத்தில் தொங்கியதும் "நஹட்லொக் கோ!" என்று அலறுவார். பயமாயிருக்கு என்று அர்த்தமாம், அவரின் மகள் சொன்னார். எங்கட ஆட்களிடம் இதற்கு ஒரே மருந்துதானே: "பயப்பிடாதேங்கோ!" அதை மகளிடம் செபுவானோவில் எழுதி வாங்கி, கோயில் ஒலிபெருக்கிக் குரலில் சொன்னேன்: "அயாவ் கஹட்லொக்!"

அம்மா என் கையைக் கடித்தார்.

லிஃப்டுக்கு இரண்டு பேர் வேண்டும். மற்ற ஆள் ஒரு மன்னார்ப் பொடியன், வேலைக்கு வந்து மூன்று மாதம். அவன் குனிந்து அவர் காதுக்குள் என்னவோ முணுமுணுப்பான். அவரும் அவன்ர சட்டையைப் பிடித்தபடி பூனைக்குட்டி மாதிரித் தொங்குவார். இரண்டு வருடம் கஞ்சி தீத்தினவன் நான்!

"அண்ணை, நீங்கள் ஆறுதல் சொல்லேல்லை, வெருட்டுறியள்."

"நீ உன்ர பக்கத்துக் கொழுக்கியைப் பார்."

வெள்ளிக்கிழமை மேலாளர் கூப்பிட்டார். அந்த அம்மா என்னை ஏற்காவிட்டால் திங்கள் முதல் பொறுப்பு அவனுக்கு. மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார், காப்பியும் தந்தார்.

சனிக்கிழமை மகள் வந்தபோது வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவன் அப்படி என்னதான் சொல்கிறான்?

"'நஹட்லொக் புட் கோ.' எனக்கும் பயமாயிருக்கு. அந்த 'எனக்கும்' எப்படி வரும் என்று அந்த இளைஞர் தானாகவே வந்து கேட்டார்."

காதெல்லாம் எரிந்தது. மூன்று மாதத்துப் பொடியனுக்கு வந்த புத்தி! நானோ கலியாண வீடுகளில், படகில் கடல் கடந்த கதையை "துளி பயமில்லை" என்று சொல்லித் திரிகிறவன். வழி முழுக்கக் கண்ணை இறுக்கி மூடியிருந்ததைச் சொல்வதில்லை. செபுவானோவை விடுங்கள், தமிழிலேயே அந்த வசனம் என் வாயில் வந்ததில்லை. குளியலறைக் கண்ணாடி முன் நின்று பழகினேன்.

"உள்ளுக்கை ஆரோட கதைக்கிறியள்?" மனைவி கதவைத் தட்டினாள்.

ஞாயிறு காலை. கொழுக்கி மாட்டி, லிஃப்ட் எழும்பியது. ஒரு கையால் அதைப் பிடித்தபடி குனிந்தேன். "நஹட்லொக் புட் கோ." திங்கட்கிழமையை நினைத்ததில் குரல் பிசிறியது. அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கொலரைப் பிடித்தார். சக்கர நாற்காலியில் இறங்கும்வரை விடவேயில்லை.

வெளியே வந்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. "பாத்தியோடா? பயந்த ஆள் மாதிரி என்னமா நடிச்சனான்!"

பொடியன் கையுறையைக் கழற்றிக் குப்பைக்குள் போட்டான்.

"உங்களோட சேர்ந்து லிஃப்டும் நடுங்கினது, அண்ணை."