முடிவை மாற்றச் சொன்ன மேஸ்திரி

ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோ, ஆண்டு சரியாக நினைவில்லை. அந்த வருஷம் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் அம்மாள், பிள்ளைகள் செய்யுளை நெட்டுருப் போட்டால் மட்டும் போதாது, சிறுகதை படித்துப் புரிந்துகொள்ளவும் பழக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு வயதுப் பெண்களுக்குக் கொடுக்கிற மாதிரிக் கதைக்கு நான் எங்கே போவேன்? பத்திரிகைகளில் வந்தவையெல்லாம் புருஷன் பெண்சாதி விவகாரம். கடைசியில் நானே ஒன்று எழுதுவது என்று உட்கார்ந்தேன்.

அப்போது கொருக்குப்பேட்டையில் குடியிருந்தேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் ரயில் பாதையை ஒட்டி வெள்ளைக்காரத் துரை ஒருவரின் மரக்கிடங்கு, மரத்தொட்டி என்பார்கள். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த தேக்கு மரங்களை அங்கே வேகனிலிருந்து கிரேன் வைத்து இறக்குவார்கள். அந்தக் கிரேன் சங்கிலியில் ஒரு வளையம் வாய் பிளந்துபோய், அதைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வேலிக்கு வெளியே நடக்கிற எனக்கே அது தெரியும். மரம் மேலே எழும்பும்போது அந்த இடம் கிறீச்சிடும். நான் நடையை எட்டிப் போடுவேன்.

அதைத்தான் எழுதினேன். ஒரு மேஸ்திரி தினமும் காலையில் கம்பி சுற்றிய வளையத்தைப் பார்க்கிறார், பேசாமல் போகிறார். ஒருநாள் சங்கிலி அறுந்து, கீழே நின்ற தொழிலாளி சாகிறான். அவ்வளவுதான் கதை. எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

வகுப்பில் முடிவுக்கு முன்பு வரை படித்து நிறுத்தினேன். கரும்பலகையில் மூன்று கேள்வி எழுதிப் போட்டேன்: என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது? இவர்கள் எப்படிப்பட்டவர்கள்? கதை எதைப் பற்றியது?

"மேஸ்திரி கெட்டவர், டீச்சர்" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். "அவரு கெட்டவரு இல்ல டீச்சர். தொரகிட்ட ரெண்டு தபா சொல்லிட்டாரு. இன்னொரு தபா வாயத் தொறந்தா வேற மேஸ்திரி பாத்துக்குவேன்னுட்டாரு தொர."

"கதையில் அப்படி இல்லையேம்மா. உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க நைனா" என்றாள்.

நான் அங்கேயே தாளை மடித்து வைத்திருக்க வேண்டும். மாறாக, எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. பார்த்தீர்களா, ஒரு மனிதர் செய்வதை மட்டும் பார்த்தால் போதாது, எதற்குப் பயந்து செய்கிறார் என்று கேட்டால்தான் அவரைத் தெரிந்துகொள்ள முடியும் என்று விளக்கினேன். அதே சூட்டில் முடிவையும் படித்துவிட்டேன்.

"செத்தது யாரு டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒரு தொழிலாளி."

"அதான், யாரு?"

அந்த வகுப்பில் ஆறேழு பேருக்கு அப்பாவோ அண்ணனோ அந்த மரத்தொட்டியில் வேலை செய்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை விசும்ப ஆரம்பித்தது.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் நின்றிருந்தார்கள். "இன்னா டீச்சரம்மா, உழைச்சிக் கஞ்சி குடிக்கிற ஆம்பளைங்களுக்கு இப்டியா எழுதி வெப்பாங்க?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது. அன்று மாலை நடந்து வரும்போது பார்த்தேன்: கிரேன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. மரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் தள்ளி, சுவரோரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் மேஸ்திரியே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என்னப் பத்தி எழுதினீங்களாமே."

"உங்களை எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாகத் தெரியாது."

"தெரியாமயே சரியா எழுதிட்டீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "ஆளுங்க கிரேனு கீய நிக்க மாட்றானுங்க. தொர என்னத்தான் கேக்குறாரு. முடிவ மாத்தி எழுதுங்கம்மா. சங்கிலி தாங்கிக்கிச்சுன்னு புள்ளைங்களுக்குப் படிச்சிக் காட்டுங்க. அதுங்க வூட்ல போயி சொல்லட்டும்."

"சங்கிலியை மாற்றினால் நானும் மாற்றி எழுதுகிறேன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க டெய்லி அந்த வயியாத்தான் போறீங்க. அந்த வளையத்தப் பாத்திருக்கீங்க. தொரகிட்ட வந்து சொன்னீங்களா?"

அவர் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, "யாரும் நிக்கலேன்னா நான்தான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைமை ஆசிரியைக்கு விஷயம் போனது. முடிவை மாற்று, இல்லையென்றால் உன்னை மாற்றுகிறேன் என்றார். மாற்றினேன். மேஸ்திரி தைரியமாகத் துரையின் முன்னால் போய் நிற்கிறார், துரை மனம் மாறிப் புதுச் சங்கிலி வாங்குகிறார் என்று எழுதி, அடுத்த நாள் வகுப்பில் படித்தேன். என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

மேஸ்திரியின் மகள் கையைத் தூக்கினாள். "இது நடக்காது டீச்சர்."

"ஏன்?"

"நைனாவால முடியாது. தொரயும் அப்டி ஆளு இல்ல. ரெண்டு பேருமே மாறல, முடிவு மட்டும் எப்டி மாறும்?"

கதையமைப்பைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அன்று பாராட்ட வாய் வரவில்லை. அந்த முடிவை ஒரு பெண்கூட வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

அதன்பிறகு கிரேனுக்குக் கீழே மேஸ்திரி மட்டும் நின்றார். மரத்தைக் கையால் திருப்பி அடுக்கில் இறக்க ஒரு ஆள் கீழே வேண்டும். ஒரு வாரம் சங்கிலி தாங்கியது. நான் வேறு வழியாகப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன், சுற்று வழிதான் என்றாலும். தினமும் காலையில் முதலில் கடைசி பெஞ்சைப் பார்ப்பேன். அவள் இருந்தால் மூச்சு வரும்.

மழை பெய்து விட்ட ஒரு திங்கட்கிழமை. மூன்றாவது பீரியட். யாரோ ஒரு ஆள் ஓடிவந்து அவளை அழைத்துப் போனான். அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. சிலேட்டையும் புத்தகத்தையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு நிதானமாக நடந்து போனாள். அந்த நிதானத்தை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

மேஸ்திரி சாகவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. வழக்கம்போல ஆட்கள் நின்றிருந்தால் மூன்று நான்கு பேர் நசுங்கியிருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர்களும் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். நான் எழுதியதால் தப்பித்தார்களா, நான் எழுதியதால்தான் அறுந்ததா என்பதில் அந்தத் தெருவுக்கே ஒரு தீர்மானம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. இரண்டே நாளில் கிரேனுக்குப் புதுச் சங்கிலி வந்துவிட்டது.

அந்தக் குடும்பம் கத்திவாக்கத்தில் தாயின் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. தை மாதத்தில் ஒருநாள் ரயிலேறிப் போனேன். கடலோரக் குடிசை. அவர் பாயில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். "புள்ள இன்னா படிக்குதுன்னு கேட்டுடாதீங்க" என்றார், சிரிக்கப் பார்த்துக்கொண்டே. மகள் இறால் பொறுக்கப் போயிருந்தாள். அவள் வரும்வரை இருக்கலாம் என்று நினைத்தேன்.

தாய் என்னை வெளியே அழைத்து வந்தாள். "உங்க மேல தப்பு இல்ல டீச்சரம்மா. எனக்குத் தெரியும். ஆனா நீங்க அவளப் பாக்க வாணாம். அவ இப்போ எதப் பாத்தாலும் அடுத்து இன்னா ஆவும்னு சொல்லிக்கினு கீறா. கட்டுமரம் ஏறிப் போறவனப் பாத்தும் சொல்றா. இங்க இருக்கறவங்களுக்குப் புடிக்கல."

கழிமுகத்துப் பக்கம் சிறுமிகள் சிலர் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்றிருந்தார்கள். அவர்களில் எவள் என்று அடையாளம் தெரியவில்லை. நான் கூப்பிடவில்லை. மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன்.