சொல்லாமல் விட்டுவந்த கரை

2008-ஆம் ஆண்டு, மாசி மாதம். உறவினர் திருமணத்துக்காக இந்தூரிலிருந்து செங்கல்பட்டு வந்திருந்தேன். கல்யாணம் முடிந்த மறுநாள் விடிகாலையில் திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பையில் ஓடுவதற்கான ஷூ மட்டும் இருந்தது.

என் கணவருக்கு முன்பு அங்கே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. 96-இல் அதன் குடியிருப்புக்குக் குடிபோனோம். பள்ளிக்கூட நாட்களில் ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கியவள் நான். கல்யாணத்தோடு அதெல்லாம் நின்றுபோயிருந்தது. மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், ஒருநாள் சுடிதாரும் வெள்ளை ஷூவுமாகக் கடற்கரையில் இறங்கி ஓடிப் பார்த்தேன். பிறகு விடவே முடியவில்லை. சவுக்குத் தோப்பைத் தாண்டி, மணல் மேடு ஏறி இறங்கினால் ஈர மணல். அதில் வடக்கே ஒரு மீனவக் குப்பம் வரைக்கும் ஓடித் திரும்புவேன். இடது பக்கம் சவுக்கு, வலது பக்கம் கடல். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சாவகாசமாக, வெயில் ஏறிய பிறகு.

அந்தக் குப்பத்தில் கருவாடு காயவைக்கும் ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே குரல் வந்துவிடும்.

“இன்னாமே, யாரு தொரத்தினு வராங்க?”

“நீங்கதான்க்கா!” என்று கத்திவிட்டுத் திரும்புவேன். எட்டு வருடத்தில் நாங்கள் பேசியது ஏறக்குறைய இவ்வளவுதான். நின்று பேசியதில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொண்டதில்லை.

2004 டிசம்பர் தொடக்கத்தில் இந்தூருக்கு மாற்றல். சாமான் கட்டும் அவசரத்தில் கடைசி சில நாட்கள் ஓடவே போகவில்லை. போன சில வாரங்களிலேயே டிவியில் அந்த அலையைப் பார்த்தேன். தெரிந்தவர்களையெல்லாம் போனில் விசாரித்துவிட்டேன். அந்த அக்காவைப் பற்றி யாரிடம், என்ன பெயர் சொல்லிக் கேட்பது? இந்தூரில் பூங்காவைச் சுற்றி சிமென்ட் பாதையில் ஓடும்போதெல்லாம் கால் அந்த ஈர மணலைத் தேடும். மனசு அந்தக் குரலைத் தேடும்.

இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் அன்று மறுபடி அந்த மணலில் ஓடினேன். தோப்பு பாதியாகியிருந்தது. மணல் மேட்டைக் காணோம். ஆனாலும் காற்று அதேதான். உப்பு உதட்டில் பட்டதும் அழுகை வந்துவிட்டது. ஆனால் குப்பம் இருந்த இடத்தில் ஒரு குடிசைகூட இல்லை. நாலைந்து படகுகள், அவற்றின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், அவ்வளவுதான்.

“அண்ணே, இங்க கருவாடு காயவைக்கிற ஒரு அக்கா இருந்தாங்களே...”

“பேரு இன்னா?”

“தெரியாதுண்ணே.”

“வூட்டுக்காரர் பேரு?”

“அதுவும் தெரியாது.”

“ஒண்ணுமே தெரியாம எப்டிமா தேடுவ?” என்று சிரித்தார்.

“நான் இந்தப் பக்கம் ஓடி வருவேன். அவங்க கிண்டல் பண்ணுவாங்க. அதான் தெரியும்.”

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. வலையைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அந்த ஓடுற பொம்பள நீதானா? நீ செத்துட்டன்னு எங்க பெரியம்மா இன்னும் சொல்லிகினு கீது. வா, வா!”

அக்கா உயிரோடு இருக்கிறார்! அந்த அண்ணன் பின்னாலேயே ஓடினேன்.

ரோட்டைத் தாண்டி, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள். ஒரு வாசலில் அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்தவர் என்னைக் கண்டதும் மீனைக் கீழே போட்டார். பிறகு எழுந்து வந்து, ஈரக் கையாலேயே என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“உசுரோடயா கீற?”

“இருக்கேன்க்கா. அந்த மாசமே ஊர் மாறிப் போயிட்டோம்.”

“மூணு வாரமா ஒன்னக் காணோம், எங்கியோ ஊருக்குப் போயிருப்பன்னு நெனச்சேன். அன்னிக்கு ஞாயித்துக்கெழம. நீ வர நேரத்துலதான் தண்ணி வந்துச்சு. திரும்பி வந்து ஓடினு இருந்திருப்பியோன்னு...” அன்று அக்காவின் ஓரகத்தியும் அலையில் போய்விட்டார் என்று உடன் வந்தவர் மெல்லச் சொன்னார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவளத் தேடிகினு கரை பூரா போனேன். கெடந்த ஒவ்வொருத்தர் காலையும் பாத்தேன், ஷூ கீதான்னு. ஒங்க குடியிருப்பு கேட்டுக்கும் வந்தேன். பேரு இன்னான்னு கேட்டாங்க. இன்னா சொல்லுவேன்?”

அவர் தோளில் சாய்ந்து நான் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது.

“சொல்ட்டுப் போனா இன்னாமே?” என்று முதுகில் ஒரு அடி போட்டார். பிறகு உள்ளே கூட்டிப்போய்ச் சுடச்சுட வறுத்த மீனும் சோறும் போட்டார். சாப்பிட்டுக்கொண்டே, முதல் முறையாக ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.

அதற்குப் பிறகும் இரண்டு ஊர் மாறிவிட்டோம். ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுவதற்கு முன்னால், நான் தினமும் ஓடும் பாதையில் ஒருநாள் மெதுவாக நடந்து போகிறேன். தலையசைத்தவர்கள், சிரித்தவர்கள் எல்லோரிடமும் நின்று ‘போயிட்டு வரேன்’ என்று சொல்கிறேன், அவர்களில் யார் நம்மைத் தேடுவார்கள் என்பது நமக்குத் தெரியாதே.