பற்சக்கரத்தில் பிள்ளையார் சுழி

எங்கள் அப்பா வெண்கலம் வார்ப்பவர். ஏரலில் கோயில் மணியானாலும் உருளியானாலும் அவர் கைப்பட்டால்தான் உருப்படும் என்று நான் நம்பினேன். அப்பாவும் அப்படித்தான் நம்பினார்.

ஒரு நாள் ஆற்றுக்கு அக்கரையில் பாதிரி துரை நடத்திய அச்சுக்கூடத்து மேனேஜர், உடைந்த பற்சக்கரம் ஒன்றைத் துணியில் முடிந்துகொண்டு வந்தார். சீமையிலிருந்து புதிது வர மாதக்கணக்காகுமாம். கிறிஸ்துமஸ் பாட்டுப் புத்தகம் பாதியில் நிற்கிறதாம். உள்ளூரிலேயே வார்த்துவிடலாம் என்று துரையிடம் அவர்தான் பொறுப்பேற்றிருந்தார். துரையோ, வீட்டு வாசலில் கோலம் போட்டதற்கே, அது இந்து வழக்கம் என்று ஒருவரை வேலையை விட்டு அனுப்பியவர்.

"பிசகிட்டுன்னா அடுத்தது நான்தான் அண்ணாச்சி," என்றார் மேனேஜர்.

"உருளி வார்க்கவனுக்குப் பல்லு வராதாவே? பேசாம இரும்," என்றார் அப்பா.

தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் உருக்கி மெழுகுச் சக்கரம் செய்தார். வெண்கலம் ஆறும்போது சுருங்கும் என்று மயிரிழை பெரிதாகவே செய்தார். அதன்மேல் மண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும்; அந்த இடத்தில் வெண்கலத்தை ஊற்றவேண்டும். முதல் பூச்சு சலித்த ஆற்று வண்டல். பல்லிடுக்கில் என் விரல்தான் நுழையும் என்பதால் அது என் வேலை. எட்டு வயதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சமல்ல.

மண்ணைத் தொடும்போதுதான் கவனித்தேன். எந்த மெழுகிலும் அப்பா முதலில் பிள்ளையார் சுழி கீறுவார். இதில் காணோம். மறந்துவிட்டார், வார்ப்பு கெட்டால் அப்பாவின் மானம் போய்விடுமே என்று பதறினேன். அவரிடம் சொல்லிச் சங்கடப்படுத்துவானேன்? கருவேல முள்ளால் நானே ஆழமாகக் கீறி, மண்ணையும் பூசிவிட்டேன்.

சக்கரம் பழுதில்லாமல் வந்தது. சுழிக்குள் வெந்த மண் அடைத்துக்கொண்டிருந்ததால் அப்பா கண்ணில் படவில்லை. அப்பாவும் நானும் தோணியேறி அச்சுக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே மேனேஜர் எண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தபோது மண் உதிர்ந்தது. சுழி பளிச்சென்று தெரிந்தது. அப்பா முகம் வெளுத்துப்போனது. நானோ பெருமையாகச் சிரித்தேன்.

வராந்தாவில் துரையின் பூட்ஸ் சத்தம் கேட்டது. அப்பா அரத்தை எடுக்கப்போனார். மேனேஜர் அவர் கையைப் பிடித்தார்.

"நேரமில்ல அண்ணாச்சி. உள்பக்கமா இருக்கட்டும். பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீரும்."

சுழி சுவர்ப்பக்கம் போகும்படி திருப்பி மாட்டினார். எந்திரம் ஓடியது. துரை வந்து பார்த்து மேனேஜரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்தார்.

பிள்ளையாருக்கு உள்ளே மூலஸ்தானம் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஊருக்குத் திரும்பித் தோணியிலிருந்து இறங்கியதுமே படித்துறையில் நின்ற பெண்களிடம் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். அவர் சுழியை மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் விட்டார் என்பதோ, என் வாயிலிருந்து அடுத்த வார்த்தை வந்தால் அக்கரையில் ஒரு வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்பதோ எனக்குத் தெரியாது. அத்தனை பெரிய உதவி செய்த என்னை இப்படி நடத்துகிறாரே என்று வாயைப் பொத்திய கையைக் கடித்துவிட்டேன்.