டெண்டர் மேசையில் ஆசிஃபா

ஒரே வேலைக்குப் போட்டி போடும் இருவருக்கு ஒரே ஆள் உண்மையாக இருக்க முடியுமா? மந்தாரக்குப்பம் கடைத்தெருவில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் கணினி மையம் வைத்திருக்கும் ஆசிஃபா இப்படி எல்லாம் யோசிப்பவர்போலத் தெரியவில்லை. அவர் செய்வது முகத்தைத் திருப்பிக்கொள்வது மட்டும்தான். கான்ட்ராக்டர் ஒருவர் டெண்டருக்கான தன் ரேட்டைக் கணினியில் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கியதும், நாற்காலியோடு சன்னல் பக்கம் சுழன்று, ஷிப்ட் முடிந்து திரும்பும் சுரங்கக் கம்பெனி பஸ்ஸைப் பார்க்கிறார். "போட்டாச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

கம்பெனி விடும் டெண்டர்களுக்கு இப்போது இணையத்தில்தான் போட வேண்டும். பேனாக் கையெழுத்து செல்லாது. விரல் நீளத்தில், பென் டிரைவ் போல ஒரு டோக்கன் உண்டு. அதைக் கணினியில் செருகினால்தான் கையெழுத்து. அதை வைத்துக்கொண்டு திண்டாடும் சிறு கான்ட்ராக்டர்கள் பலர் ஆசிஃபாவிடமே விட்டுவிட்டுப் போகிறார்கள். அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். சவரிராஜுக்குச் சிவப்பு, சங்கரலிங்கத்துக்குப் பச்சை. குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்கும் வேலை எந்த பிளாக்கில் வந்தாலும் இந்த இருவருக்கும் போட்டிதான், ஒருவருக்கு ஒருவர் ஆகாது. அவர்களுடைய கையெழுத்துகள் மட்டும் ஒரே பிஸ்கட் டின்னில் ஒட்டி உறவாடிக்கொண்டு கிடக்கின்றன.

ஆசிஃபாவுக்குப் பேச்சு வேகம், கை அதைவிட வேகம். தேநீரை மறந்துபோய் ஆறவிடுவார், பிறகு ஆறிவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுவார். கணினியின் யு.எஸ்.பி. துளைகளை அவர் 'வாய்' என்பார். "வாய் பத்தலண்ணே. எல்லாருக்கும் ஆளுக்கொரு வாய் குடுத்துட்டா சண்டையே இருக்காது."

அவருடைய சி.பி.யு.வுக்கு முன்னால் இருந்த வாய்கள் எப்போதோ உடைந்துவிட்டன. கீபோர்டு, மவுஸுக்கான பழைய உருண்டைத் துளைகள் போக, பின்னால் நான்கு. அதில் இரண்டு போன மழைக்காலத்து இடியில் செத்தன. ஒன்றில் ஸ்கேனர். மிச்சம் இருந்ததில் ஒரு ஹப். டெண்டர் நாளில் டோக்கன்கள் எல்லாம் அதில்தான் தொங்கும். "இன்னொரு ஹப் வாங்கி மாட்டு, வேல முடிஞ்சுது" என்பார் கணவர் ஹஸ்ஸான். அவர் பெரிய கான்ட்ராக்டர்களிடம் ஆள் கூட்டிக்கொண்டு போய் மரக்கிளை வெட்டிக் கொடுப்பவர். ஆசிஃபாவுக்கு அந்த யோசனையில் பிடிப்பில்லை. ஒரு வாய்க்கு வருவதைத்தானே ஹப் பத்துப் பேருக்குப் பிய்த்துக் கொடுக்கிறது? கணினிக்குள்ளேயே பொருத்தி, புதிதாக நான்கு வாய் வைக்கும் கார்டு ஒன்றை அவர் வரவழைத்திருந்தார். திறந்து பொருத்தத்தான் நேரம் வாய்க்கவில்லை.

ஹப் அந்த நேரத்தைத் தானே குறித்தது. வெள்ளையடிப்பு டெண்டர் மூன்று மணிக்கு மூட இருந்த அன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதன் விளக்கு ஒருமுறை சிமிட்டி அணைந்தது. லேசாகக் கருகல் வாடை வந்தது. ஸ்கேனருடையது போக உயிரோடு மிஞ்சியது ஒரே ஒரு வாய். பெஞ்சின் இரு முனைகளிலிருந்தும் இருவர் எழுந்தார்கள்.

"தங்கச்சி, என்னுத சொருவு. காலைலேருந்து குந்திக்கினு இருக்கேன்" என்றார் சவரிராஜ்.

"குந்திக்கினு இருந்தா வேல குடுப்பாங்கன்னா, அந்த பெஞ்சுக்குத்தான் மொதல்ல குடுக்கணும்" என்றார் சங்கரலிங்கம்.

"சரி, ஸ்கேனரப் புடுங்கிட்டு ரெண்டையும் சொருவட்டும்" என்றார் சவரிராஜ்.

"என் பேப்பர் பாதி ஸ்கேன் ஆவல, அதுக்குத்தான? நல்ல மனசுங்க உங்களுக்கு!"

ஒருவருடையதை முடித்துவிட்டு அடுத்தவருடையதைச் செருகலாம். ஆனால் கடைசி நாள் நெரிசலில் அந்த இணையதளம் ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டாமவர் மூன்று மணிக்குள் உள்ளே போவது நிச்சயமில்லை. யார் முதல் என்று ஆசிஃபா சொன்னால், யாருக்கு வேலை என்று அவரே தீர்ப்புச் சொன்னதுபோல ஆகிவிடும். அவர் சி.பி.யு.வை அணைத்தார்.

"அய்யோ, நிறுத்திட்டியா!" இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். "திரும்ப வரலன்னா?"

"வரலன்னா ரெண்டு பேருக்கும் வரல. தள்ளி நில்லுங்கண்ணே, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

சி.பி.யு.வின் பக்கவாட்டுத் தகடு கழன்றது. உள்ளே விரல் புதையும் அளவுக்குத் தூசு. சவரிராஜ் தன் பையிலிருந்து, இன்னும் பெயிண்ட் படாத பிரஷ் ஒன்றை நீட்டினார். சங்கரலிங்கம் செல்போன் விளக்கைப் பிடித்தார். ஆசிஃபா கையிலுள்ள நிலைமின்சாரம் இறங்க சி.பி.யு.வின் இரும்பு உடம்பை ஒருமுறை தொட்டுக்கொண்டு, பின்பக்கப் பட்டையைக் கழற்றி, கார்டைக் காலியாக இருந்த பள்ளத்தில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். 'டக்' என்று உட்கார்ந்தது. பொத்தானைத் தட்டினார். திரை வந்தது. மூவரும் மூச்சு விட்டார்கள்.

சிவப்புப் பொட்டு டோக்கனைச் செருகினார். ஒன்றும் இல்லை. பச்சை. அதுவும் இல்லை.

"புது வாய் பேசாது போலருக்கே" என்றார் சங்கரலிங்கம்.

ஆசிஃபா கார்டை முறைத்துப் பார்த்தார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "சோறு போடாம வாய் மட்டும் வச்சிருக்கேன்!" கார்டின் ஓரத்தில் மின்சாரத்துக்கென்று தனியாக ஓர் இணைப்பு இருந்தது. மறுபடி அணைத்தார். பவர் சப்ளையின் கம்பிக் கற்றைக்குள் யாரும் தீண்டாமல் மடங்கிக் கிடந்த ஒரு முனையை இழுத்து, சுற்றியிருந்த டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்து, கார்டில் மாட்டினார்.

இந்த முறை டோக்கன்களின் விளக்குகள் எரிந்தன. முதலில் ஒன்று, உடனே மற்றொன்று.

"எரியுது! எரியுது தங்கச்சி!" சவரிராஜ் குதித்ததில் மாடிப் பலகை அதிர்ந்தது.

இரண்டு பிரவுசர்களில் இருவரையும் உள்ளே விட்டார் ஆசிஃபா. ஒன்று பேப்பர்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது மற்றதில் கையெழுத்து. யார் கையெழுத்து என்று கேட்டுத் திரையில் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து நின்றன. மாற்றித் தொட்டால் ஒருவர் ரேட்டில் மற்றவர் கையெழுத்து விழும். "யாரு பேருன்னு சத்தமா படிங்க" என்று அவரவரைப் படிக்கவைத்த பிறகே அழுத்தினார். மூன்று மணிக்குச் சற்று முன்னால் இரண்டு ரசீதுகளும் வந்தன. சவரிராஜ் சங்கரலிங்கத்தின் முதுகில் ஓங்கித் தட்டினார். தட்டியது யார் முதுகு என்று பிறகுதான் உறைத்தது. கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

இதைப் பெரிய திறமை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. மின்சாரம் கொடுக்க மறந்தது அவரேதான். ஹப் சாகும்வரை கார்டைப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்ததும் அவரேதான். ஆனால் அத்தனை அவசரத்திலும், இருவரும் ரேட் தட்டிய நேரத்தில், இரண்டு முறையும் அவர் சன்னல் பக்கம் திரும்பினார். அதை மட்டும் குறித்துவைக்கலாம்.

சத்தம் கேட்டு ஹஸ்ஸான் படியேறி வந்தார். அவரும் இப்போது சொந்தமாக டெண்டர் போடப் பதிவு செய்திருக்கிறார். டோக்கன் அன்றுதான் கைக்கு வந்திருந்தது. மரக்கிளை வெட்டும் வேலை ஒன்று, மூட இன்னும் நாள் இருந்தது. ஆசிஃபாவிடம் வருகிறவர்கள் யாரும் அதற்குப் போடவில்லை.

குனிந்து விளக்குகளைப் பார்த்த ஹஸ்ஸானுக்கு முகமெல்லாம் பல். "அடேங்கப்பா! நாலுல ரெண்டு வாய் சும்மாத்தான் கெடக்குது. என்னுதயும் போட்டுடு ஆசிஃபா."

ஆசிஃபா அவருடைய டோக்கனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு கடையில போடுறாங்க. அங்க போயி போட்டுக்கினு வாங்க."

"ஏன், இங்க என்னா?"

"எங்க ரெண்டு பேருக்கும் அந்த வேல வேணாம் மேடம்" என்றார் சங்கரலிங்கம். "தாராளமா போட்டுக் குடுங்க."

"ஆமா தங்கச்சி" என்றார் சவரிராஜ்.

"இன்னிக்கு வேணாம். நாளைக்கு இவரும் நீங்களும் ஒரே வேலைக்குப் போட்டா?" என்றபடி ஆசிஃபா டோக்கனுக்கு மூடியைப் போட்டார், கணவரின் சட்டைப் பையில் வைத்தார், பையின் பொத்தானையும் மாட்டிவிட்டார்.